என் முகவரியில் இன்னொருவன்

எங்கள் குடியிருப்பின் இணைய இணைப்பு வேலை அந்தக் கேபிள்காரரின் கையைவிட்டுப் போனதற்கு நான்தான் காரணம். வெள்ளானூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிலர் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

நானும் என் கணவரும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. கல்லூரிக்குப் போகும் முன் நான் தட்டச்சு கற்றவள். தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அந்தப் பழக்கத்தில், தமிழ்த் தட்டச்சுப் பழகுகிறவர்களுக்காக ஓர் இணையதளம் செய்தேன். பயிற்சிப் பாடம் திரையில் வரும். அடிக்க அடிக்கப் பிழையையும் வேகத்தையும் காட்டும். அதை வைக்க வெளியே எங்கும் இடம் வாடகைக்கு எடுக்கவில்லை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, ஹாலில் செருப்பு அலமாரிக்கு மேலே வைத்தேன். அதுதான் என் சர்வர். வெளியே இருக்கிறவர்கள் அதைத் தேடி வர, கதவு எண் மாதிரி, மாறாத ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரி எண்ணைக் கேபிள்காரரிடம் கேட்டு வாங்கியிருந்தேன்.

தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பெண்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு உட்காருவார்கள். மூன்று மணிக்கு எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கென்று இருந்த நேரம் அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துத்தான் என் சர்வர் சாகத் தொடங்கியது.

முதலில் சொன்னவர் திருநின்றவூரிலிருந்து பழகும் ஓர் அக்கா. போனில் பேசிப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. "ஏம்மா, நாலு நாளா பக்கமே தொறக்கல. சுத்திகினே கீது. பரீட்ச வருது, நான் இன்னா பண்றது?" என்றார். நான் அலுவலகத்தில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பக்கம்தான் கோளாறு இருக்கும் என்று அவரிடமே சொன்னேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மறுநாள் வீட்டிலிருந்து வேலை. பத்தேகாலுக்கு என் கண்முன்னாலேயே நின்றது. மின்சாரம் இருக்கிறது, கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஒயர் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் வெளியே ஒன்றும் போகவில்லை. சில நிமிடம் வரும், மறுபடி போகும். ஒயரை மாற்றினேன். நெட்வொர்க் கார்டை மாற்றினேன். லினக்ஸை அழித்து மறுபடி ஏற்றினேன். அன்று சாயங்காலம் எல்லாம் சரியாகிவிட, நான்தான் சரிசெய்தேன் என்று பெருமையாக டீ போட்டுக் குடித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி போனது.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என் கணவர் கூப்பிட்டார், எடுத்தார். அடுத்த நாள் வந்தார்.

அவர் இந்த ஊர்க்காரர். நாங்கள் குடியிருக்கும் இடம் அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் பயிர் வைத்த நிலம் என்பதை வருகிறபோதெல்லாம் சொல்லிவிடுவார். டிவி கேபிளில் ஆரம்பித்து இணையத்துக்கு வந்தவர். எங்கள் மொட்டைமாடியில் ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு ஓர் ஒயர் இறக்கியிருந்தார். வந்தவர் செருப்பு அலமாரியைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவேயில்லை. நான் என்ன ஆகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், லைன் சூப்பரா கீது. மேடத்த இந்த ஒயர நோண்டாம இருக்க சொல்லுங்க. இந்த மாரி டப்பாலாம் ஊட்ல வெச்சா இப்டித்தான் ஆவும்."

"அண்ணா, நான்தான் கேக்கறேன், எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம் உங்களுக்கு டென்சனு?" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தச் சிரிப்பு ஒன்றுக்காகவே நான் பழிவாங்கியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நான் விடாமல் புகார் சொன்னதில் எரிச்சலாகி, குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒரு குரல்செய்தி போட்டார். "மூணாவது மாடில அந்த மேடம் ஊட்ல இன்னாமோ சர்வராம், வெச்சிகினு கீறாங்கோ. அதுல வைரஸ் கீது. அதனாலதான் உங்க எல்லாருக்கும் ஸ்லோவா வருது. நான் இன்னா பண்ண முடியும், சொல்லுங்க."

உண்மையில் எல்லோருக்கும் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது, பல மாதமாக. இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் லிஃப்டில் என்னைப் பார்த்ததும் போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சங்கச் செயலாளர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அவரே வீட்டுக்கு வந்தார். "தப்பா நெனச்சிக்காதம்மா, அந்தப் பொட்டிய கொஞ்ச நாளைக்கு ஆஃப் பண்ணி வெய்யேன்" என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, சமையலறையில் நின்று வெகுநேரம் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவியதை என் கணவர்தான் சுட்டிக்காட்டினார்.

"அவனோட என்னத்துக்கு வம்பு? வேற லைன் போட்டுக்கலாம், உடு" என்றார்.

"வேற லைன் போடலாம். முதல்ல அவனுக்கு ஒரு போடு போடணும்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு அவர், அவன் ஆனார். அப்படியே எழுதுகிறேன்.

என் தொழிலே கோளாறைப் பிடிப்பதுதான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே உடைகிறது என்று தேடிப் பிடித்து, இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாதபடி ஆதாரத்தோடு முன்னால் வைப்பேன். அதையே இங்கும் செய்தேன். சர்வர் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு முகவரிகளைக் கூப்பிட்டு 'இருக்கிறாயா' என்று கேட்கும்படி செய்தேன். ஒன்று கேபிள்காரனின் கருவி, இன்னொன்று அதற்கு அப்பால் வெளி உலகத்தில் ஒன்று. பதில் வந்ததா இல்லையா என்பதை நேரத்தோடு ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். பத்து நாள் ஓடவிட்டேன்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திங்கள் முதல் சனிவரை காலை பத்து, பத்தேகாலுக்குப் போகிறது. மாலை ஏழரைக்குத் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகல் ஒரு மணிக்கே திரும்பிவிடுகிறது. ஒயரில் கோளாறு என்றால் மழையில் வரும், வெயிலில் வரும். ஞாயிற்றுக்கிழமை அரைநாள் விடுப்பு எடுக்கிற கோளாறு எங்கும் கிடையாது. எங்கோ ஒருவன் காலையில் கடையைத் திறந்து சுவிட்சைப் போடுகிறான், சாயங்காலம் அணைத்துவிட்டுப் போகிறான்.

மறுநாள் பத்தரைக்கு லினக்ஸில் வேறொரு கேள்வி கேட்டேன். என் முகவரி எண்ணைச் சொல்லி, 'இந்த எண்ணுக்கு வேறு யாராவது சொந்தம் கொண்டாடுகிறீர்களா?' என்று ஒயர் முழுக்கக் கூவச் செய்தேன். ஒரு பதில் வந்தது. வரவே கூடாத பதில். என் முகவரியில் இன்னொரு கருவி உட்கார்ந்திருந்தது. ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டில் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? எனக்கு வர வேண்டியதில் பெரும்பகுதி அங்கே போய்க்கொண்டிருந்தது. அந்த அக்கா தினமும் பத்து மணிக்குத் தட்டியது அந்த வீட்டுக் கதவைத்தான்.

போனில் சிம் கார்டு இணையத்தைப் போட்டு, என் முகவரியை நானே அடித்துப் பார்த்தேன். என் தட்டச்சுப் பக்கம் வரவில்லை. கண்காணிப்புக் கேமரா பதிவுப்பெட்டியின் நுழைவுப் பக்கம் வந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. பெட்டியோடு விற்கும்போதே வருகிற கடவுச்சொல்லை அடித்தேன். திறந்துகொண்டது.

இது தப்பு என்று எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். சோதனைப் பிரிவில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது, உன்னுடையது அல்லாத கதவு திறந்திருந்தாலும் உள்ளே போகாதே என்பதைத்தான். ஆனால் முகவரி என்னுடையதாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரையில் நான்கு சதுரம். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் ஒரு சின்ன அறை: சுவரோரம் ஒயர்க் கட்டுகள், ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் அவன்.

அவனுடைய அலுவலகம். எனக்குக் கொடுத்த எண்ணையே எடுத்துத் தன் கேமராவுக்கும் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தோ ரோட்டிலிருந்தோ போனில் தன் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பழுது என் வீட்டில் இல்லை என்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். மேசைமேல் இருந்த போனை எடுத்தான். பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்தவனிடம் திரையைக் காட்டி ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தான். என் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அன்றே எல்லோருக்கும் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. ஒன்பது நாள் பார்த்தேன். வேலை நடுவே, சாதம் வேகும்போது, அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போதுகூடப் பார்த்தேன். அவன் எப்போது வருகிறான், எத்தனை மணிக்கு டீ வருகிறது, யார் கூப்பிட்டால் எடுக்கிறான், யார் கூப்பிட்டால் போனைக் கவிழ்க்கிறான், எல்லாம் எனக்கு மனப்பாடம். மத்தியானம் அவன் வெளியே போன பிறகு அவன் மனைவி வருவாள். பாயை விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவாள். முதல் நாள் சட்டென்று மூடிவிட்டேன். இரண்டாம் நாள் அவ்வளவு சட்டென்று மூடவில்லை.

அந்த ஒன்பது நாளின் முடிவில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கக் கூட்டம். இணைய இணைப்பை அவனுக்கே இன்னொரு வருடத்துக்குக் கொடுப்பது பற்றியும் பேச்சு இருந்தது. நான் அன்று காலையிலேயே என் சர்வரை அணைத்துவைத்தேன். முகவரி முழுசும் அவனுக்கே இருக்கட்டும். என் கணவர் பார்த்துவிட்டு, "பொட்டிய நிறுத்திட்டியா? விட்டுக் குடுத்திட்டயாட்டத் தெரியுது" என்றார். ஆமாம் என்றேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே சங்கத்தின் ஹாலுக்குப் போனேன்.

இணையம் மெதுவாக வருகிறது என்று பேச்சு எழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். ஹாலில் இருந்த பெரிய டிவியில் லேப்டாப்பைச் செருகினேன். முதலில் அந்தப் பத்து நாள் குறிப்பைக் காட்டினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு, "இது எனக்குக் குடுத்த முகவரி, பாருங்க" என்று என் எண்ணையும், அடுத்து அந்தக் கடவுச்சொல்லையும் அடித்தேன்.

அவன் டிவியில் வந்தான். காலை மேசைமேல் நீட்டி, மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"இது நம்ம கேபிள்காரன்டா!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"சார், இப்ப அவருக்குப் போன் போடுங்க. என் போன எடுக்க மாட்டார். ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன்.

செயலாளர் கூப்பிட்டார். டிவியில் அவன் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"வணக்கம் சார்."

"இன்னாப்பா, மீட்டிங் வெச்சிகிறோம், வரேன்னு சொன்னியே?"

"சார், பூந்தமல்லில பெரிய லைன் கட்டு சார். கம்பத்து மேல நின்னுகினு கீறேன். எறங்க முடியாது சார்." சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தான்.

ஹால் வெடித்தது. "கம்பத்துல பஜ்ஜி குடுக்குறாங்களா நைனா?" என்று ஒருவர் கத்தினார். எதிர்வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போனில் சத்தம் கேட்டு அவன் குழம்பியது டிவியில் தெரிந்தது.

நான் செயலாளரிடமிருந்து போனை வாங்கினேன்.

"அண்ணா, நான் மூணாவது மாடி மேடம். கால கீழ எறக்குங்க, சட்னி சட்டைல ஊத்திக்கப் போகுது."

அவன் காலை இறக்கினான். சட்டையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தான்.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அதற்காகத்தான் ஒன்பது நாள் காத்திருந்தேன். வாயில் பஜ்ஜி, மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான், கை லென்ஸை மூடியது, திரை கறுத்தது. கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பரீட்சை பாஸ் ஆனபோதுகூட வந்ததில்லை.

ஒரே வாரத்தில் வேறு ஆளை வைத்தார்கள். மொட்டைமாடியிலிருந்து அவன் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போவதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவனும் பார்க்க வேண்டும் என்றே நின்றேன்.

கீழே வரை போனவன் பெட்டியோடு திரும்பி எங்கள் மாடிக்கு ஏறி வந்தான். நான் மட்டும்தான் வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்தேன், கிரில்லைத் திறக்கவில்லை. சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது.

"எத்தினி நாளா பாத்துகினு இருந்தீங்கோ?" என்றான்.

"எனக்குக் குடுத்த நம்பர எதுக்கு எடுத்தீங்க?"

"தப்புதான். வேற நம்பர் இல்ல, போட்டுட்டேன். நீங்க கண்டுபுடிக்க மாட்டீங்கனு நெனச்சேன். அத்த உடுங்க. எத்தினி நாளா?"

"ஒன்பது நாள்."

அவன் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எங்க ஊட்ல கூட்டம் ஜாஸ்தி. எம் பொண்டாட்டிக்கு முதுகு வலி. மத்தியானம் ஆபீஸ்லதான் வந்து படுத்துக்குவா. அதுவும் தெரிஞ்சிதா?"

"இல்ல. நான் காலைல மட்டும்தான் பாத்தேன்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை. "அவகிட்ட நானும் அப்டித்தான் சொல்லி வெச்சிகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். தயாராக வைத்திருந்த ஒரு வார்த்தையையும் நான் பேசவில்லை.

அவனுக்குச் செய்ததற்காக நான் வருந்தவில்லை. இன்னொரு முறை நடந்தாலும் அந்த டிவியில் அவனைப் போடுவேன். காலையில் மட்டும் பார்த்தேன் என்ற அந்தப் பொய் மட்டும் உறுத்துகிறது. அதை இதுவரை என் கணவரிடமும் சொன்னதில்லை.

குடியிருப்பில் என் நிலைமை மாறிவிட்டது. கொஞ்ச நாள் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிறகு எதிர்வீட்டுப் பெண் தன் லேப்டாப் கேமராமேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். செயலாளர் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "எங்க ஊட்டையும் உன்னால பாக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியாது சார் என்றேன். சிரித்தார், ஆனால் அதன்பிறகு வீட்டுக்குக் காப்பி குடிக்க வரவில்லை.

புது ஆள் கொடுத்த முகவரியில் சர்வர் ஒழுங்காக ஓடுகிறது. போன மாதம் மழையில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நின்றது. மரக்கிளை விழுந்து ஒயர் அறுந்திருந்தது, வேறு ஒன்றுமில்லை. புது ஆளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"மேடம், நீங்க எங்கயும் பாக்க வேணாம் மேடம். நெசமாலுமே வண்டிலதான் கீறேன். பத்து நிமிசம் மேடம்."

"சரி, வாங்க" என்று வைத்துவிட்டேன். அவன் குரலில் இருந்த பயம் எனக்குப் பிடித்திருந்தது.